எதிர்பாராத காரணம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. ஆன்லைன் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டின் கடைசித் தாள், புள்ளியியல். மூன்று மணி நேரமும் கேமரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அறைக்குள் வேறு ஆள் வரக் கூடாது. போன் கூடாது. நாற்காலியை விட்டு எழுந்தால் தேர்வு அத்தோடு முடிந்தது. இதைப் புருஷனிடம் ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாயே வலித்துவிட்டது.

"மூணு மணி நேரம்தானே? ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா எழுது" என்று காலையில்கூடச் சொன்னான்.

அவள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்பவள். டாக்டர் ஒவ்வொரு வாயிலும் விட்டு எடுக்கிற இடுக்கி, கொக்கி, கண்ணாடி எல்லாம் அவள் கைக்கு வந்து, நீராவிப் பெட்டிக்குள் வெந்து, உறைக்குள் போகும். பொது சுகாதாரத்தில் பட்டம் வாங்கிவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் மேற்பார்வை வேலைக்குப் போகலாம். அதற்காகப் பஸ்ஸில் நின்றபடி பாடம் கேட்டாள். மூன்று வயதுச் சின்னவனைக் குளிப்பாட்டும்போது குளியலறை ஜன்னலில் போனைச் சாய்த்துவைத்துக் கேட்டாள்.

பத்தே முக்காலுக்கு வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பின்னாலேயே வண்டி கிளம்பும் சத்தம். அவன்தான். பதினோராவது கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

ஐந்து நிமிடத்தில் சின்னவன் கதவைத் தட்ட ஆரம்பித்தான். "அம்மா! கதவத் தொற!"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் திரையில் எச்சரிக்கை வரும். பிறகு நாற்காலி சாயும் சத்தம், ஒரு அலறல். எட்டு வயதுப் பெரியவள் கதவோடு வாய் வைத்துச் சொன்னாள், "அம்மா, நீ வராத. தம்பிக்குக் கொஞ்சம்தான் ரத்தம் வருது. நான் பாத்துக்கறேன். நீ எழுது."

எட்டு வயது. அவள் எழுந்தாள்.

கதவைத் திறந்தபோது சின்னவனின் உதடு கிழிந்து சட்டை நனைந்திருந்தது. பெரியவள் தன் பாவாடையால் அழுத்திப் பிடித்திருந்தாள். அழவில்லை. அந்த அழாத முகத்தைப் பார்த்ததும்தான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காயத்தைக் கழுவி, மருந்து வைத்துத் திரும்பி வந்தாள். 'உங்கள் தேர்வு முடிக்கப்பட்டது' என்று திரை சொன்னது.

பன்னிரண்டு மணிக்கு அவன் விசிலடித்துக்கொண்டே வந்தான். நடந்ததை அவள் சொன்னாள். நண்பன் ஒருவன் பழைய பைக் வாங்கப் போகிறானாம், என்ஜினைப் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டானாம்.

"பத்து நிமிஷத்துல வந்துடலாம்னு போனேன். பெரியவகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். என்ன இப்போ, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்ல?"

"நீங்க சூப்பர்வைசர் பரீட்சைக்குப் படிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள். குரல் ஏறவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "லிஃப்ட் ரிப்பேர் பாத்துட்டிருந்த ஆளு மேல வரணும்னு பத்து மாசம் படிச்சீங்க. நான் வயித்துல இவன வெச்சிட்டு, அவளக் கையில புடிச்சிட்டு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எங்க போனேன்? வீட்ல சத்தம் வரக் கூடாதுன்னு ஏறின பஸ்லயே மூணு தடவ ஊரைச் சுத்தி வந்தேன். கண்டக்டர் என்னைப் பைத்தியம்னு நெனச்சான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்க கதவை யாராவது தட்டினோமா?"



திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கல்லூரிக்கு போன் செய்தாள். எடுத்த பெண் அலுப்போடு பேசினாள்: "கொழந்தைக்கு அடிபட்டுச்சுன்னு நீங்க சொன்னா மட்டும் போதாதும்மா. வீட்ல பொறுப்பான பெரியவங்க யாராவது கைப்பட எழுதின விளக்கக் கடிதம் வேணும். கமிட்டி பாத்து முடிவு பண்ணும்."

பொறுப்பான பெரியவர்! போனை வைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் அவன் முன்னால் தாளையும் பேனாவையும் வைத்தாள். 'எதிர்பாராத காரணத்தால்' என்று தொடங்கி எழுதினான். வாங்கிப் படித்தாள், கிழித்தாள்.

"யாரு எதிர்பாக்கல? ஒரு மாசமா சொன்னேன்."

இரண்டாவதில் 'அவசர வேலையாக வெளியே செல்ல நேர்ந்தது' என்றிருந்தது. அதையும் கிழித்தாள். "ஊரான் பைக் என்ன அவசரம்?"

"என் மானத்த வாங்கணுமா உனக்கு?"

"உண்மைய எழுதினா மானம் போகுதுன்னா, செஞ்சப்ப எங்க போச்சு அது?"

நான்காவது தாளில்தான் உண்மை வந்தது. 'குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, நண்பரின் பைக்கைப் பார்க்க வெளியே போனேன். மகன் விழுந்து காயப்பட்டதால் அவள் எழ வேண்டியதாயிற்று. தவறு என்னுடையது.' கையெழுத்துப் போடும்போது காதுவரை சிவந்திருந்தான். பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றும் என்று காத்திருந்து பார்த்தாள், தோன்றவே இல்லை.

கமிட்டி மறுதேர்வு கொடுத்தது. வீட்டில் எழுத மாட்டேன், ஓர் அறை வேண்டும் என்று பல் டாக்டரிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே அறையை விட்டுக் கொடுத்தார். கனத்த கதவு, வெளிச்சத்தம் எட்டாது. மூன்று மணி நேரம் அசையாமல் எழுதினாள். வெளியே வந்தபோது நடைபாதையில் மூவரும் நின்றார்கள். சின்னவனுக்குச் செருப்பு கால் மாறியிருந்தது. புருஷன் சட்டையில் ஏதோ கொட்டிக் காய்ந்திருந்தது.

"இன்னும் கோபமா?" என்றான்.

"ஆமா" என்றாள்.

மூன்று வாரத்தில் அறுபத்தேழு மதிப்பெண் வந்தது. அவன் உடனே அந்தப் பைக் நண்பனுக்கு போன் போட்டான். "டேய், நாங்க பாஸ் பண்ணிட்டோம்டா!"

சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து அவள் எதிரில் நின்றாள்.

"நாங்க இல்ல. நான்."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அவ பாஸ் பண்ணிட்டாடா."

"இன்னும் ஆறு பரீட்சை இருக்குன்னும் சொல்லுங்க. அந்த ஆறு நாளும் பைக் பாக்க வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க."

அவள் அங்கேயே நின்றாள். அவன் சொல்லி முடிக்கும்வரை நகரவில்லை.