எட்டாம் கேள்விக்குப் பதில்

ஒவ்வாமை ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரான தோல் டாக்டருக்கே அரிப்பு எடுத்தது. பின்கழுத்தில் ஆரம்பித்து, காதுமடலுக்குப் பின்னால் ஏறி, நெற்றியோரமாக நடந்து, கண்ணிமை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. வெளியே சொல்லிக்கொள்கிற விஷயமா அது? பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் சொறிவதற்குக் காரணம் கண்டுபிடித்தே பேர் வாங்கியவர். ஆஸ்பத்திரியில் முதுகுக்குப் பின்னால் தன்னை எல்லோரும் 'அரிப்பு டாக்டர்' என்று கூப்பிடுவது அவருக்கும் தெரியும். பட்டம் இப்போது இரண்டு விதத்திலும் பொருந்திவிட்டதே என்று, கண்ணாடி முன் நின்று கழுத்தைச் சொறிந்தபடி நினைத்துக்கொண்டார்.

வீட்டில் விசாரணை தொடங்கியது. முதல் குற்றவாளி, துணி துவைக்கிற பவுடர்.

"பவுடர மாத்தினியா?"

"நாலு வருஷமா அதேதாங்க," என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

அடுத்து தலையணைப் பஞ்சு. அதற்கடுத்து, இவர் வீட்டுப் படியைக்கூட மிதித்தறியாத எதிர்வீட்டுப் பூனை. கடைசியில், மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் சாக்பீஸ் தூள் மேல் சந்தேகம் விழுந்தது.

"சாக்பீஸ் பிடிக்கிறது என் கை. தடிப்பு வந்திருக்கிறது உங்க காது. உங்க காதப் பிடிச்சுத் திருகியா நான் பாடம் நடத்தறேன்?" என்றாள் அவள்.

டாக்டர் சாக்பீஸையும் விடுதலை செய்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் விசாரணைக்கே கூப்பிடவில்லை. ஆறு வருஷமாக, மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, மனைவி ஸ்பெஷல் கிளாஸுக்குப் போன பிறகு, குளியலறையில் ஆஸ்பத்திரிக் கையுறையை மாட்டிக்கொண்டு தலைக்குக் கறுப்புச் சாயம் பூசி வந்தார். மீசையையும் சேர்த்துக் கவனிக்கப் பொறுமை இல்லாமல் அதை எடுத்தே விட்டார். கேட்டவர்களிடம் சுத்தம் முக்கியம் என்று ஒரு சப்பைக்கட்டு. 'ஆறு வருஷமாக ஒன்றும் செய்யாதது இன்றைக்கா செய்யப்போகிறது?' என்பது அவருடைய சமாதானம். இதையே ஒரு நோயாளி சொல்லியிருந்தால், பல வருஷம் ஒத்துக்கொண்டது ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்திருப்பார்.

வேறு வழியில்லாமல், ஒரு திங்கட்கிழமை காலை டெஸ்ட் அறைக்குப் போனார். அங்கே இருந்த சிஸ்டர் பன்னிரண்டு வருஷமாக எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க நோயாளிகளின் முதுகில் மருந்துவில்லை ஒட்டி வருபவர். எதற்கும் ஆச்சரியப்படாத முகம்.

"படிவத்த நிரப்பிடுங்க டாக்டர்."

"நானுமா?"

"முதுகு யாருதா இருந்தாலும் படிவம் ஒண்ணுதான்னு நீங்கதானே சொல்லுவீங்க."

இருபத்தேழு கேள்விகள். அத்தனையும் அவரே எழுதியவை. சோப்பு, செருப்பு, வாட்ச் பட்டை என்று ஒவ்வொன்றுக்கும் நேர்மையாக யோசித்துப் பதில் எழுதினார். எட்டாம் கேள்வி: 'தலைமுடிக்குச் சாயம் பூசுவது உண்டா?' இதற்கு மட்டும் அவர் யோசிக்கவேயில்லை. 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். சிஸ்டர் படிவத்தைப் பார்த்தார், அவர் தலையைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"சரி டாக்டர். ஆனா இப்ப தோல் கொதிச்சுப்போய்க் கிடக்கு. இந்த நேரத்துல டெஸ்ட் போட்டா எல்லாமே பாசிட்டிவ்னு காட்டும். முதல்ல ஆறட்டுமே."

"அதெல்லாம் நோயாளிங்களுக்கு சிஸ்டர். எனக்கு ஒண்ணு விடாம எல்லாத்தையும் போடுங்க."

ஒவ்வொன்றிலும் ஒரு பொருளாக முப்பது வில்லைகள் முதுகில் ஏறின. இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, சொறியக் கூடாது. நோயாளிகளுக்கு இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். இப்போது இரண்டு நாளும் நாற்காலியில் முதுகு படாமல், யாரோ அதட்டி உட்காரவைத்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை வில்லைகளை உரித்தார்கள். வெள்ளிக்கிழமை முதுகைப் படித்தார்கள். முப்பதில் இருபத்திரண்டு சிவப்பு.

டாக்டர் ஆடிப்போனார். சிஸ்டர் எச்சரித்தது மறந்துபோய், இருபத்திரண்டையும் அப்படியே நம்பினார். உலோகமா? பெல்ட்டும் வாட்ச்சும் போயின. ரப்பரா? செருப்பு போயிற்று. வாசனையா? சோப்பு, பவுடர், எண்ணெய் எல்லாம் போயின. பட்டியலில் சாயமும் இருந்ததால் கூட்டத்தோடு கூட்டமாக அதுவும் போயிற்று. நழுவுகிற பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வார்டைச் சுற்றிவருகிற டாக்டரை நோயாளிகள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

மூன்று வாரத்தில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. கூடவே வகிடும் பளிச்சென்று வெளுத்தது. அறுவைச் சிகிச்சையே இல்லாத தன் பிரிவில் அவர் அறுவைச் சிகிச்சைத் தொப்பியோடு திரிய ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாநாடு வந்தது. காரணம் தெரியாத தோல் தடிப்புகள் பற்றி அவர் பேச வேண்டும். அவர் பிரிவில் பரிசோதித்த இருநூற்று நாற்பது பேரில் அறுபத்தொரு பேருக்குக் காரணமே பிடிபடவில்லை. அந்தப் புதிரைத்தான் சபையில் வைக்கப்போகிறார். வெள்ளை வகிட்டோடு மேடை ஏறுவதா? சனிக்கிழமை குளியலறைக்குப் போனார்.

திங்கட்கிழமை மேடை ஏறும்போது இரண்டு இமையும் வீங்கி, கண் கீறலாகத்தான் தெரிந்தது. எதிரே இருந்த திரையில் தன் ஆராய்ச்சியைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை. "பூங்கொத்து குடுத்தாங்க, அதுதான்," என்று அசடு வழிந்தார். முன்வரிசையில் இருந்த சிஸ்டர் கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

வீட்டிலும் அதே பூங்கொத்துக் கதையைச் சொல்லிவிட்டு, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருந்தவரின் பக்கத்தில் மனைவி வந்து உட்கார்ந்தாள்.

"பூவாங்க காரணம்? சனிக்கிழமை பூசிக்கிட்டீங்களே, அது இல்லையா?"

"எது?"

"ஆறு வருஷமா உங்க தலையணை உறையில கறை போகத் தேய்க்கிறவ நான். மூணு வாரத்துக்கு ஒரு தடவ வரும். கணக்கு டீச்சருக்கு இது பெரிய கணக்கா?"

துணிக்கு அடியில் டாக்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம், இவ்வளவு மெனக்கெட்டு மறைக்கிறீங்களே, அத ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

குட்டு வெளிப்பட்ட வெட்கத்தைவிட, ஆறு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் அவள் கறை தேய்த்ததுதான் அவருக்கு உறைத்தது. தடவித் தடவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதில் சாக்பீஸ் தூள் இருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

இந்த முறை ஒழுங்காக ஆறு வாரம் காத்திருந்தார். மறுபடி முப்பது வில்லைகள். ஒன்றே ஒன்று மட்டும் கொப்புளம் கட்டிச் சிவந்திருந்தது. சாயம்.

"எட்டாம் கேள்வியத் திருத்திடுங்க டாக்டர்," என்று சிஸ்டர் பேனாவை நீட்டினார்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"காதுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு தீற்றல் இருந்துச்சு. முதல்ல அழுக்குன்னு நினைச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நோயாளி எழுதறதத்தான் நம்பணும்னு சொல்லிக்குடுத்தது யாரு?"

டாக்டர் திருத்தினார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். படிவத்தை நோயாளிகள் எங்கே நிரப்புகிறார்கள்? வரவேற்பறையில், பக்கத்தில் மனைவியோ மருமகளோ எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க. அங்கே எந்த ஆண்பிள்ளை உண்மையை எழுதுவான்? தான் எழுதினாரா?

அலமாரியிலிருந்து அந்த அறுபத்தொரு கோப்புகளையும் இறக்கினார். கழுத்திலும் காதிலும் இமையிலும் தடிப்பு வந்த, நாற்பத்தைந்து தாண்டிய ஆண்கள் பத்தொன்பது பேர். அத்தனை பேரும் எட்டாம் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியதால், சாய வில்லையே ஒட்டப்படாதவர்கள். மேடையில் தான் வைத்த பெரிய புதிரில் மூன்றில் ஒரு பங்கு, தன்னைப்போன்ற பொய்யர்களால் ஆனதோ என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே போனை எடுத்தார். முதல் ஆள் ஐம்பத்திரண்டு வயது பஸ் டிரைவர்.

"எட்டாம் கேள்விக்கு இல்லைன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா டாக்டர். அந்தப் பழக்கமெல்லாம் நமக்குக் கிடையாது."

"நானும் அப்படித்தான் எழுதினேன். ஆறு வருஷமா பூசிக்கிட்டிருந்தேன். இப்ப விட்டுட்டேன். தல பூரா வெள்ள."

அந்தப் பக்கம் பஸ் இன்ஜின் உறுமியது. பிறகு குரல் தணிந்து வந்தது. "கண்டக்டர் பக்கத்துல இருக்காரு டாக்டர். அஞ்சு நிமிஷத்துல நானே கூப்பிடறேன்."

இரண்டு நிமிஷத்திலேயே கூப்பிட்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் பதின்மூன்று பேர் ஒப்புக்கொண்டு டெஸ்ட்டுக்கு வந்தார்கள். ஐந்து பேர் கடைசிவரை மறுத்தார்கள். ஒருவர் மட்டும், தன் தலையில் இருப்பது தன் முடியே இல்லை, ஒட்டவைத்தது என்று அழாத குறையாகச் சொன்னார். சிஸ்டர் அவரைப் பசை ஒவ்வாமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.