அணைக்கக் கூடாத கணினி

அண்ணன் சாலை விபத்தில் போன பிறகும் அவனுடைய கணினி ஓடிக்கொண்டே இருந்தது. ஓடும்வரை திறந்திருக்கும். ஒருமுறை அணைந்தால் கோப்புகள் இருக்கும் வட்டு முழுக்கப் பூட்டிக்கொள்ளும், கடவுச்சொல் அவனுக்கு மட்டுமே தெரியும். மகளை மடியில் வைத்து அவன் கதை சொல்லும் காணொளிகள் எல்லாம் அதற்குள்தான். கைபேசி அவனோடு நசுங்கிவிட்டது. குழந்தைக்கு இன்னும் பேச்சே வரவில்லை. நாளைக்கு அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டால் காட்ட வேறெதுவும் கிடையாது.

வெளி வட்டைச் செருகி நகலெடுக்க விட்டேன். கணினியின் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர் எழுதுவது என் பிழைப்பு, அந்தத் திமிரும் உண்டு. பவர் பட்டனை அமுக்கினால் ஃபர்ம்வேர் உடனே மின்சாரத்தை நிறுத்தாது. விண்டோஸ் மாதிரியான இயங்குதளத்துக்குத் தகவல் சொல்லும். வேலை நடக்கிறதே, அணைக்கட்டுமா என்று அது நம்மைக் கேட்கும். அந்தக் கேள்விக்கே இடம் வைக்கக் கூடாதென்று, யார் அமுக்கினாலும் கண்டுகொள்ளாதபடி மாற்றிவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அறையில் சத்தமே இல்லை. அப்பா நின்றிருந்தார்.

"ஆளே போயிட்டான், இது யாருக்குடா ஓடுது? அமுக்கினேன், அணையல. விடாம அமுக்கிப் பிடிச்சேன். அப்புறம்தான் அடங்குச்சு."

விடாமல் பிடித்தால் இயங்குதளத்தை யாரும் கேட்பதில்லை, மதர்போர்டே மின்சாரத்தை வெட்டிவிடும். நான் சும்மா விட்டிருந்தால் முதல் அமுக்கிலேயே கேள்வி வந்திருக்கும், அப்பாவும் என்னைக் கூப்பிட்டிருப்பார். பெரிய மேதாவி நான்! வெளி வட்டைப் பிடுங்கி என் மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன்.

வெளி வட்டுக்கு வந்து சேர்ந்தவை ஆபீஸ் கோப்புகள் மட்டும்.

அண்ணி குழந்தையோடு வந்தார். "முடிஞ்சுதா தம்பி?"

நடந்ததைச் சொன்னேன். அண்ணி அழவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கணினியைப் போட்டார். திரை கடவுச்சொல் கேட்டது. கல்யாண நாளைத் தட்டினார். தவறு. மகள் பெயர், செல்லப் பெயர், வண்டி எண். எல்லாமே தவறு.

தான் செய்தது என்னவென்று அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என் பேரைப் போட்டுப் பாரும்மா. அவனுக்கு எம்மேல உசுரு."

அண்ணி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"இல்ல மாமா."

"இனிஷியலோட போடும்மா" என்றார் அப்பா.