பதினொன்று முதல் மூன்று வரை

முதலில் முடி... தலையணை உறையில், குளியலறை மூலையில், சோபா இடுக்கில், ஒரே ஒரு முடி கிடந்தாலும் தங்க வருகிறவர்கள் படம் பிடித்து நெட்டில் போட்டுவிடுகிறார்கள், இதற்கு முன்னால் இங்கே யாரோ இருந்தார்கள் என்று தெரியவே கூடாதாம், மேனேஜர் பெண் வேலைக்குச் சேர்த்த அன்றே சொன்னாள், வர்ற ஒவ்வொருத்தருக்கும் தான்தான் முதல் ஆளுன்னு தோணணும்மா, சரிம்மா என்று தலையாட்டினேன், இருபத்தாறு வருஷம் இங்கே குடியிருந்தவளே நான்தான் என்று சொல்லியிருந்தால் வேலை கொடுத்திருப்பாளா. பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் பெட்டியை உருட்டிக்கொண்டு கிளம்பும், மூன்று மணிக்கு அடுத்த கூட்டம் உருட்டிக்கொண்டு வரும், நடுவில் நான்கு மணி நேரம் எனக்கு. விருந்தாளிகளாம். ஒருத்தர் முகத்தையும் பார்த்ததில்லை, ஈரத் துண்டைத் தெரியும், பாதி தின்ற பிஸ்கட்டைத் தெரியும். வீட்டுக்காரர் சண்டை போட்டா எங்களைக் கிளப்பினார், தங்கமான மனுஷன், மாசக்கணக்குல இருக்கறவங்களை வெச்சுக் கட்டுப்படியாகல, நாள்கணக்குல வர்றவங்களுக்குத்தான் விடப்போறேன் என்று பணிவாகச் சொன்னார், பணிவாகச் சொன்னால் திட்டவும் வாய் வராது. எங்களுக்கு முன்னால் எதிர்வீட்டு டீச்சர், எங்களுக்குப் பின்னால் மாடி வீட்டு இரட்டையர்கள் என்று எல்லாரும் காலி செய்தாகிவிட்டது, இப்போது இந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு கதவு, பதினொன்றில் எண் பூட்டு, பன்னிரண்டாவதில் ஆள் இல்லை, துவைத்த விரிப்புகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். என் அடுப்பு இருந்த சுவரில் மேனேஜர் பெண் ஒரு பலகை மாட்டியிருக்கிறாள், உங்கள் வீடு போல நினைத்துக்கொள்ளுங்கள் என்று. வாரத்துக்கு மூன்று தடவை அதன் மேல் தூசி தட்டுகிறேன், நினைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது.

கதவில் அந்தக் கீறல்கள், அதை மறந்துவிட்டேனே, எண் பூட்டைச் சுற்றி நான்கைந்து புதுக் கீறல், மெழுகு தேய்த்தாலும் முழுசாகப் போகவில்லை. யார் கீறியது என்று மேனேஜர் பெண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர்தான், என்னைக் கட்டினவர். சாவி நுழைக்கிற ஓட்டையைத் தேடியிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய சாவியை எத்தனை தடவை எடுத்து ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறார், என் பேரைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று வருஷமாக நாங்கள் இருக்கிற ஊர்க்கோடிக் குடியிருப்பில் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வருகிறேன், அவள் கண் அசந்தால் கிளம்பிவிடுவார், இரண்டு பஸ் மாறி இங்கே வந்து நிற்பார், அது எப்படி, சாப்பிட்டோமா என்பது மறந்துபோகிறது, பஸ் எண் மட்டும் மறக்கவில்லை. ஒரு விருந்தாளி அவரோடு நின்று படம் எடுத்துப் போட்டிருந்தார், இந்த ஊரின் உண்மையான முகம் என்று எழுதி, ஐந்து நட்சத்திரம். அடுத்து வந்தது, ஒரு கிழவன் காலையில் கதவைத் தட்டுகிறான், பயந்துபோனோம், ஒரு நட்சத்திரம். இன்று காலையில் மேனேஜர் பெண் போனில் சொன்னாள், இன்னொரு தடவை அந்த ஆளு வந்தா போலீசுக்குச் சொல்லிடுவேன்மா, நீங்க பாத்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. சரிம்மா என்றேன். என் புருஷனைத்தான். சரிம்மா.

ஒன்றரை மணி இருக்கும், மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன், கதவில் சுரண்டுகிற சத்தம், இதுவரை வந்ததெல்லாம் விருந்தாளிகள் இருந்த நேரத்தில், என்னுடைய நான்கு மணி நேரத்தில் வந்ததே இல்லை. திறந்ததும் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் திறந்தேன். என்னைப் பார்த்தார். மூன்று வருஷமாகப் பார்க்கிற பார்வை இல்லை அது, ஆஸ்பத்திரி நர்ஸைப் பார்க்கிற மாதிரி, மரியாதையாக, நீங்க யாரும்மா என்று கேட்கிற பார்வை இல்லை. "என்ன அவசரம், கதவத் தொறக்க இவ்ளோ நேரமா" என்றார்.

அவசரம். கல்யாணமான மாசமே எனக்கு வைத்த பேர், எதற்கெடுத்தாலும் பறக்கிறேன் என்று, வேறு யாருக்கும் தெரியாது, அந்தக் குடியிருப்பில் ஒரு நாள்கூட அவர் வாயில் வரவில்லை. செருப்பை எப்போதும் கழற்றுகிற மூலையில் கழற்றினார். சோபா மாறியது, சுவர் நிறம் மாறியது, எந்த ஊர்க் கடற்கரையோ படமாகத் தொங்குவது, எதுவும் கண்ணில் படவில்லை. நேரே சமையலறைக்குப் போனார், குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, மூன்று வாரமாகச் சொட்டுகிறது, ஆள் அனுப்புறேன் அனுப்புறேன் என்கிறாள், அவர் மாட்டிய குழாய்தானே, நாற்பது வருஷம் ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் பார்த்த கை. இழுப்பறையைத் திறந்து ஒரு கரண்டிக் காம்பை எடுத்து எதையோ நெம்பினார், திருகினார், சொட்டு நின்றுவிட்டது. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாத மனுஷன். டீ போடு என்றார். போட்டேன், விருந்தாளிகளுக்கு வைத்திருக்கிற டீத்தூள், விருந்தாளிகளுடைய கோப்பை, நானும் அவர் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உன் முட்டி வலி எப்படியிருக்கு என்று கேட்டார். எனக்கு முட்டி வலி இருப்பது அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்தபோது கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்க்காதே, பார்க்காதே... பார்த்தேன். இரண்டு நாற்பது.

அப்புறம் எல்லாமே பொய்தான், கொஞ்சம் வெளிய போயிட்டு வரலாம் வாங்க என்றேன், எதுக்கு என்றார், சும்மாதான் என்றேன், வெயில்ல போய் என்ன சும்மா என்றார். கோப்பைகளைக் கழுவித் துடைத்தேன், அவர் உட்கார்ந்த இடத்தின் குழியைத் தட்டிச் சரிசெய்தேன், அவர் தலைமுடி, வெள்ளை முடி ஒன்று, சோபா முதுகில், விரலில் எடுத்தேன், எங்கே போடுவது என்று தெரியாமல் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். கதவைச் சாத்தி, அடுத்து வருகிறவர்களுடைய போன் நம்பரின் கடைசி நான்கு எண்ணைப் பூட்டில் அழுத்தி முடிக்கிறேன், படியில் பெட்டிச் சக்கரம் தடதடக்கிறது, பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்கள், இளம் ஜோடி, நல்ல பிள்ளைகள், சிரித்தார்கள். இவர் சும்மா இருப்பாரா, அந்தப் பெண் கையிலிருந்த பெட்டியை வாங்கப் போகிறார், "வாங்க வாங்க, எவ்ளோ தூரத்துல இருந்து வர்றீங்க, உள்ள வந்து உக்காருங்க." அவர்களுக்கு மொழி புரியவில்லை, மனசு புரிந்திருக்க வேண்டும், அந்தப் பையன் போனைத் தூக்கினான், எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து, என் ஏப்ரனும் கம்பெனிப் பேரும் தெரிகிற மாதிரி, ஒரு படம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் என் தோளில் கை போட்டிருந்தார். சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அந்தப் படம் எப்போது ஏறும், இன்றைக்கா, ஊருக்குத் திரும்பிய பிறகா, மேனேஜர் பெண் அதைப் பார்த்ததும் கூப்பிடுவாளா, கூப்பிடாமலே கணக்கை முடித்துவிடுவாளா... பாலம் தாண்டியதும் இவர் நெளிய ஆரம்பித்தார், கம்பியைப் பிடித்து எழுந்தார், உட்காருங்க என்றேன், திரும்பிப் பார்த்தார், மரியாதையாக.

"நான் எறங்கணும்மா. வீட்ல என் சம்சாரம் தனியா இருக்கா. இப்பதான் டீ போட்டுக் குடுத்தா, சொல்லிக்காம வந்துட்டேன்."

போகலாம், அடுத்த ஸ்டாப் என்றேன். "முட்டி வலிக்காரி, பாவம், ஜன்னல்லயே நின்னுட்டிருப்பா" என்றார். வீட்டை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், வீடு போனால் என்ன, மனுஷர்கள் கூடவே வந்துவிட்டோம் என்று. வந்தது யார்? அவரை வெளியே கூட்டிவந்து, கதவைச் சாத்தி, அந்த நான்கு எண்ணை அழுத்தியது என் விரல்தான். இந்தப் பிள்ளைகள் ஐந்து நாள் தங்குகிறார்கள். ஐந்தாம் நாள் பதினொரு மணிக்குத்தான் நான் மறுபடியும் அந்த வீட்டில் இருப்பேன், அதுவும் வேலை இருந்தால்.