தம்பியின் பெயரால்

கோப்பு வந்துவிட்டது என்பது தம்பி சாப்பிட்ட விதத்திலேயே கண்டக்டரக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொல்ல முடியாத எதுவோ தொண்டையில் நின்றால் சாப்பாடு இறங்காது. அப்போது பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியாக இருக்கும். இப்போது அவன் நாட்டின் குடியரசுத் தலைவர்.

அவன் அந்த நாற்காலிக்கு வந்ததே ஒரு வேடிக்கை. கட்சிகள் நிறுத்திய ஆள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கட்சிக்கு வேண்டாதவராக இருக்க, கடைசியில் யாருக்கும் பகையில்லாத ஒருவரைத் தேடினார்கள். சட்டக் கல்லூரியில் காலம் முழுக்க அரசியல் சட்டம் நடத்திவிட்டு, ஓய்வுபெற்று, பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன் கண்ணில் பட்டான். மனைவியை இழந்தவன். "அந்தப் பெரிய வீட்டுல நான் மட்டும் என்ன பண்ணுவேன், நீயும் வாக்கா" என்று வந்து நின்றான். அவளும் கிளம்பி வந்தாள். நகரப் பேருந்தில் தோள்பையும் டிக்கெட்டுமாகப் பாதி ஆயுளை நின்றே கழித்தவள். மாளிகைக்கு வந்த புதிதில் குளியலறையைத் தேடிப் போய், ஏதோ தூதர் காத்திருந்த அறைக்குள் துண்டோடு நுழைந்திருக்கிறாள்.

"அந்த அவசரச் சட்டமா?" என்று கேட்டாள்.

"சாப்பிடுக்கா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

பின்னால் நின்ற பரிமாறுகிறவர் சட்டென்று கூரையைப் பார்த்தார். அக்கா 'டா' போடும்போதெல்லாம் அந்த மனிதருக்குக் காது கேட்காமல் போய்விடும்.

போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஊரில் ஒரு பேருந்து ஓடவில்லை. நாடாளுமன்றம் கூடாத நேரம். அதனால் அரசாங்கம் அவசரச் சட்டம் ஒன்றை எழுதியிருந்தது. வேலைக்கு வராதவர்களைப் பிடியாணை எதுவும் இல்லாமலே பிடித்து உள்ளே போடலாம். குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டால் அன்றே அமலுக்கு வரும்.

"போடாத," என்றாள் அக்கா.

"அது என் கையில இல்ல."

"கையெழுத்து உன் கையில இல்லாம வேற யாரு கையிலடா இருக்கு?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். வகுப்பில் பேசுகிற குரல் தானாக வந்தது. "அமைச்சரவை சொன்னபடி நான் நடக்கணும். ஒரே ஒரு தடவை, மறுபடி யோசிங்கன்னு திருப்பி அனுப்பலாம். அப்படியே திரும்பி வந்தா போட்டே ஆகணும். அவ்வளவுதான்."

"நான் ஒரு விசில் ஊதினா மொத்த வண்டியும் நிக்கும். நீ நாட்டுக்கே தலைவன்."

"வண்டிய நிறுத்துற அதிகாரம் உனக்கு இருந்துச்சுக்கா. எனக்கு வண்டியில உக்கார்ற இடம் மட்டும்தான்."

"அப்ப அந்த ஒரு தடவையாவது பண்ணு."

அவன் பண்ணினான். யாரும் எதிர்பார்க்கவில்லை. அதுவரை அந்த மாளிகையிலிருந்து எந்தக் கோப்பும் திரும்பிப் போனதில்லையாம். செயலாளரின் முகம் வெளுத்துப்போயிற்று. அன்று சாயங்காலமே 'பிரேக்கு' போன் செய்தான். அக்காவின் வண்டியை வருஷக்கணக்காக ஓட்டியவன். நினைத்த இடத்தில் பிரேக் போட்டு, நிற்கிறவர்களை எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சாய்த்ததால் அந்தப் பெயர்.

"அக்கா! டிப்போ வாசல்ல ஒரே கொண்டாட்டம். உங்க தம்பி படத்தக் கொண்டாந்து கேட்ல மாட்டிட்டாங்க."

"அவசரப்பட்டு மாட்டாதீங்கடா," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கோப்பு திரும்பி வந்தது. ஒரு எழுத்தும் மாறவில்லை. பிரதமரே கொண்டு வந்தார். அக்காவைப் பார்த்து உடம்பு எப்படி இருக்கிறது என்று பணிவாக விசாரித்தார். கதவு சாத்தப்பட்டது. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, திறந்துவிட்டது. பிரதமர் போன பின்பும் தம்பி மேசையைவிட்டு எழவில்லை.

"போட்டுட்டேன்க்கா."

"வேலைய விட்டுட்டு வந்திருக்கலாமில்ல?"

"வரலாம். துணைத்தலைவர் அடுத்த நிமிஷமே போட்டிருப்பாரு. ஒண்ணும் மாறியிருக்காது."

"அவரு பேருல இருந்திருக்கும். உன் பேருல இருந்திருக்காது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அரசியல் சட்டம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன், பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினான். சொன்னதும் அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. ஆனால் வாயைவிட்டுப் போன சொல் போனதுதான்.

மறுநாள் காலையில் அக்கா பழைய செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். டிப்போவுக்குப் போய்த் தன் ஆட்களோடு தரையில் உட்கார வேண்டும். வேறு யோசனையே இல்லை. வருகிறேன் என்று பிரேக்குக்கும் சொல்லியாயிற்று. வாயிலில் பாதுகாப்பு அதிகாரி மறித்தார்.

"தனியா விட முடியாதும்மா."

சத்தம் கேட்டுத் தம்பியே இறங்கி வந்தான். "என் அக்கா போகட்டும். நான் சொல்றேன்."

அதிகாரி விறைத்து நின்று வணக்கம் வைத்தார். "மன்னிக்கணும் அய்யா. விதியில இடமில்ல. வண்டியோட, ஆளுங்களோட போகலாம்." முப்படைகளுக்கும் தலைமைத் தளபதி அவன். அந்தக் கதவின் தாழ்ப்பாள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

"சரி, வண்டியிலயே போறேன்," என்றாள் அக்கா. முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார், நடுவில் அவள். கண்ணாடியை இறக்கப் பார்த்தாள். அது இறங்குகிற கண்ணாடி இல்லை. வெளியே ஜனங்கள் வேலைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தார்கள். தெருமுனைகளில் போக்குவரத்தை நிறுத்தி இவளுக்கு வழிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி காரை முறைத்துப் பார்த்தாள். நியாயம்தான் என்று பட்டது.

பாலம் தாண்டியதும் முன்சீட்டிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. "வி.ஐ.பி. வர்றாங்க. டிப்போ வாசல காலி பண்ணுங்க. ஒருத்தர் இருக்கக் கூடாது."

"எதுக்குக் காலி பண்றாங்க?"

"உங்க பாதுகாப்புக்குத்தாம்மா," என்றார் அதிகாரி. "நேத்து வரைக்கும் உக்காந்திருக்கிறவங்களக் கையெடுத்துக் கும்பிட்டு எழுப்ப வேண்டியிருந்துச்சு. இப்ப சட்டம் வந்துடுச்சு, ஏத்திட்டுப் போயிடலாம்." அவளுக்கு நல்ல சேதி சொல்வதாகவே அவர் நினைத்தார்.

அக்காவின் போன் அடித்தது. பின்னால் ஒரே கூச்சல். "அக்கா, வராதீங்க!" பிரேக்கின் குரல் மூச்சிரைத்தது. "நீங்க வர்றீங்கன்னு சொல்லித்தான் எங்கள வேன்ல ஏத்துறாங்க. வராதீங்கக்கா—"

"டேய், நான்…" என்றாள். மறுமுனையில் யாருமில்லை.

"வண்டியத் திருப்புங்க! நான் வரலன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. விட்டுடச் சொல்லுங்க."

"திருப்பலாம்மா. ஆனா அங்க இருக்கிறது வேற போலீஸ். அவங்களுக்கு நான் சொல்ல முடியாது." அதிகாரியின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

கார்கள் மூன்றும் அழகாக வளைந்து திரும்பின. வந்த வழியே, அதே முனைகளில், அதே ஜனங்களை நிறுத்திவைத்துத் திரும்பி வந்தார்கள். மாளிகைப் படிக்கட்டின் முன் கார் நின்றது. கதவைத் திறந்து பிடித்தார்கள். அவள் இறங்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி படியிறங்கி வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மறுபக்கம் சுற்றிப்போய், யாரும் ஓடிவந்து திறப்பதற்குள் தானே கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்கா நகர்ந்து இடம் விடவில்லை, தள்ளிப்போகவும் இல்லை.

ஓட்டுநர் சாவியில் கைவைத்து, எங்கே போவது என்று யாராவது சொல்வார்கள் எனக் காத்திருந்தார். படிக்கட்டின் இருபுறமும் நின்ற காவலர்கள், தலைவர் காரில் ஏறிவிட்டதால், வணக்கம் வைத்துக் கையை நெற்றியில் நிறுத்தியிருந்தார்கள். கார் நகர்ந்தால்தான் கையை இறக்கலாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் நின்ற காவலனின் முழங்கை மெல்ல நடுங்கத் தொடங்கியது.