வெளியே சொல்லக்கூடாது

டாக்டர் உமாசங்கருக்கு என் கணவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பேகம்பேட்டில் அவருடைய அக்குபங்சர் கிளினிக். என் கணவர் ஜகதீசனின் மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி போயிற்று, ஆனால் அதற்கப்புறம் ஞாபகமும் போக ஆரம்பித்தது. இங்கே தலையில் மெல்லிய ஊசிகளைக் குத்தி, ஒயர் மாட்டி, லேசாக மின்சாரம் விடுகிறார்கள். பலன் இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்று முதல் நாளே சொன்னார். நியாயமான மனிதர்தான். ஆனால் ஏமாந்துகொண்டிருந்தார்.

வரும் திங்கட்கிழமை மெடிக்கல் போர்டு. உமாசங்கர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் மறுபடி வேலைக்குப் போய்விடுவார். இன்றைக்கும் கரண்ட் விடுவதற்கு முன்னால் வழக்கமான கேள்விகள்.

"நேத்து எங்கே போனீங்க சார்?"

"அதெல்லாம் வெளியே சொல்லக்கூடாது," என்றார் இவர், சிரித்துக்கொண்டே.

"யார்கூடப் போனீங்க?"

"அதைக் கேக்கவே கூடாது."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஹவ், ஆமா மேடம், பழைய சார் திரும்பி வந்துட்டார். ட்யூட்டிக்குப் போகலாம்னு சொல்லிடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் இருக்கும் காஞ்சன்பாக் ராணுவ ஆராய்ச்சிக் குவார்ட்டர்ஸில் எந்த வீட்டிலும் ஆபீஸ் பேச்சு கிடையாது. இவர் அங்கே என்ன செய்கிறார் என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியாது. தீப்பெட்டியைக்கூட உள்ளே விடமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும். கேட்டால் இதே சிரிப்பு, இதே பதில். அதனால் நாங்களும் மாசக்கணக்கில் ஏமாந்தோம். ஞாபகம் இல்லாத இடத்தையெல்லாம் ரகசியத்தை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார் மனுஷன். நேற்று காலையில் கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்காமல் பேப்பர் படிக்கப் போய்விட்டார். இவரை அந்த வாசலுக்குள் அனுப்பப் போகிறார்களாம்.

"நேத்து எங்கேயும் போகலை டாக்டர். நாள் பூரா வீட்டுலதான் இருந்தார். ஆபீஸை விடுங்க, பொண்ணு பேரைக் கேளுங்க."

இவர் முகம் சிவந்தது. "சாவித்ரி, சும்மா இரு."

"இருக்க முடியாது. சொல்லுங்க, நம்ம பொண்ணு பேரு என்ன?"

"அடுத்தவங்க முன்னாடி மானத்தை வாங்கறியா?"

"ஆமா, வாங்கறேன். அங்கே போய் எதையாவது மூட மறந்துட்டீங்கன்னா, பக்கத்துல நிக்கறவன் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க."

"டென்ஷன் நக்கோ, வேண்டாம் மேடம்," என்று டாக்டர் குறுக்கே வந்தார். அவரையும் நான் விடவில்லை.

"சிரிச்சு சிரிச்சே அவரைப் பாஸ் போட்டது நீங்கதான். கொஞ்சம் சும்மா இருங்க."

இவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "தெரியலைன்னு சொன்னா வேலை போயிடும்," என்றார் மெதுவாக. பிறகு டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். "தெரியலை."

டாக்டரின் சிரிப்பு அடங்கிவிட்டது. "முதல்லேருந்து ஆரம்பிப்போம் சார்," என்று சொல்லி ஊசிகளை எடுத்தார். ட்யூட்டி பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. நினைத்ததைச் சாதித்துவிட்டேன், ஆனாலும் கோபம் இறங்கவில்லை. யார்மேல் கோபம் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

கரண்ட் ஓட ஆரம்பித்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவ பேரு என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"ரஷ்மி."

ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நல்ல பேரா இருக்கே. யார் வெச்சது?"

"நீங்கதான்," என்றேன்.