பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கூச்சல்

மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள் போட்ட கூச்சல் ஒன்று ஒன்பது வருடங்களாகப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது. உயரம் ஆறடிக்குச் சற்றுக் கூட, அகலம் ஐந்தடி, கனம் ஒரு சாண். கண்ணுக்குத் தெரியாது, கையை வைத்தால் சுவர்போலத் தட்டுப்படும்.

அதற்கு முன்னால் அவளுக்குக் குரல் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்கவில்லை. எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும் என்று அவள் சொல்வதைக் கேட்க, கடைக்கு வருகிறவர்கள் மேஜை மேல் பாதி உடம்பைக் கவிழ்த்துக்கொள்வார்கள். அவளைத் தற்காப்புப் பயிற்சிக்கு இழுத்துப் போனவள் கணவனின் அக்கா. பார்சல் கிடங்கில் மூட்டைகளை எடைபோடுவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாவு மில்லுக்கு மேலிருந்த அறையில் பழைய மெத்தைகளைப் பரப்பி, பதினைந்து இருபது பெண்களுக்கு விழவும் எழவும் பிடியை உதறவும் சொல்லிக்கொடுத்தாள். தம்பி மனைவி எல்லாவற்றையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். தன்னைவிட இரண்டு மடங்கு கனமான சமையல்காரியைக்கூட இடுப்பில் ஏற்றிக் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டு, அடிபட்டதா என்று விசாரித்தாள். கத்துகிற பாடத்தில்தான் சிக்கல். மற்றவர்கள் “தள்ளிப் போடா” என்று கத்தினால் கீழே மில்லில் மாவு தானாகக் கொட்டும். இவள் முறை வந்ததும், “கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா” என்பாள்.

“ஏம்மா, அவனுக்கு உக்கார நாற்காலியும் போடுவியா?”

“வருது அண்ணி. தொண்டை வரைக்கும் வருது, அப்புறம் திரும்பிப் போயிடுது.”

“போகட்டும். எங்க போயிடும், உள்ளதானே இருக்கு.”

உள்ளேதான் இருந்தது. இரண்டு வருடத்தில் அவள் சட்டைக் கழுத்தை மூன்று முறை பிரித்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் தினமும் அவளை ஒட்டி வந்து நின்றான். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல சோப்பு வாசனை. அவள் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். அவள் நேரத்தை மாற்றினாள், அவனும் மாற்றினான். ஒரு மாலை அவள் மணிக்கட்டைப் பிடித்து, “சத்தம் போடாத” என்றான். அவள் முழங்கையை மடக்கி, அவன் கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பினாள். பிடி கழன்றது. கூடவே, இரண்டு வருடமாகத் திரும்பிப் போனதெல்லாம் சேர்ந்து வந்தது. மூன்று தெரு தள்ளி, பார்சல் கிடங்கின் காலித் தராசில் முள் நாற்பது கிலோவுக்கு ஏறி இறங்கியது. அவன் நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தான். சத்தம் ஓய்ந்தது, கூச்சல் போகவில்லை. மறுநாள் வந்தவன் அதில் மூக்கை இடித்துக்கொண்டான். அடுத்த நாள் வேறு பக்கமாக வந்து தோளை இடித்துக்கொண்டான். அதன்பின் அரை மணி நேரம் நடந்துபோய் வேறு பேருந்து பிடித்தான்.

கணவனின் அக்கா கிடங்கு உடுப்போடு வந்து, கூச்சலில் காதை வைத்து வெகுநேரம் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“அந்த ‘டா’ எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாரு.”

“யாராவது முட்டிக்கப் போறாங்க அண்ணி. எடுத்துடலாமா?”

“நிக்கட்டும்மா. அது பாட்டுக்கு நிக்கட்டும்.”

வீட்டில் கணவன் அன்று சாப்பிடவில்லை. இவ்வளவு நாள் ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டான்.

“சொன்னேன்,” என்றாள். “உங்களுக்குக் கேக்கல.”

அவன் தச்சுவேலை தெரிந்தவன், பத்து நாள் கழித்து ஒரு நீள பெஞ்சைத் தலையில் சுமந்துபோய் நிறுத்தத்தில் போட்டான். அதற்கு முதுகுப் பலகை கிடையாது. வேலை விட்டு வரும் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சலில் சாய்ந்து, பேருந்து வரும்வரை கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் அது கொஞ்சம் சில்லென்றிருக்கும். முதுகுக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டால் போதும்.