ஒரேபாவிலிருந்து வந்த சம்பந்தி

மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பதற்காகப் பப்புவா நியூ கினியிலிருந்து ஒரு மனிதர் நான்கு விமானம் மாறித் திருச்சிக்கு வந்தார். அவரை மரியாதையாக உட்கார வைத்து, சோறு போட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்ற முடிவோடு இருசம்மாள் விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் மகன் இளவரசன் அந்த நாட்டில் ஒரேபா என்ற மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான்கு வருஷமாகக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தருகிறான். இரண்டு வருஷத்தில் திரும்பி விடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரேபாவுக்கு ரோடு கிடையாது. மேகம் விலகினால் சின்ன விமானம் ஒன்று புல்தரையில் வந்து இறங்கும். முகட்டுக்கு ஏறினால்தான் போனில் சிக்னல் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவன் குரல் வையம்பட்டிக்குக் கேட்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்க்கும் டீச்சர் கெலியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னான். இருசம்மாள் போனைக் கணவர் நல்லுசாமியிடம் நீட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அங்கேயும் ஒரு பிடிவாதம் இருந்தது. பெண் வாக்கப்படுகிற வீட்டு மண்ணைக் கண்ணால் பார்க்காமல் பேச்சுக்கே இடமில்லை என்று கெலியின் அப்பா பாயா சொல்லிவிட்டார்.

கதவு திறந்து இளவரசன், கெலி, பாயா மூவரும் வெளியே வந்தார்கள். பாயா குட்டையான, அகன்ற மார்புள்ள மனிதர். நரைத்த தாடி. யாரோ கொடுத்த கோட்டு, கை நீளம் விரல் நுனி வரை வந்தது. தோளில் நூலால் பின்னிய வண்ணப் பை. பக்கத்தில் சுடிதார் போட்ட கெலி.

"வணக்கம் அத்தை. சாப்டீங்களா?" என்றாள் கெலி.

இருசம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. "ம்... சாப்டாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் நல்லுசாமிக்கு முதலில் காவிரியைக் காட்டிவிட வேண்டும். வேன் ஸ்ரீரங்கத்துக்குப் போனது. ஆவணி மாதம், அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஐந்து படி தெரியாத அளவுக்குத் தண்ணீர். பாயா கடைசிப் படியில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"இவ்ளோ பெரிய ஆறு ஏன் சத்தமே போடலன்னு கேக்கறாரு" என்றான் இளவரசன். "எங்க ஊர் ஆறு நம்ம வாய்க்கா அகலம்தாம்பா இருக்கும். ஆனா பக்கத்துல நின்னா பேசறது கேக்காது. பிரம்பால கட்டுன பாலம்தான். மழைக்கு அடிச்சிட்டுப் போயிடும், மறுபடி கட்டுவாங்க."

பாயா அடுத்த கேள்வியை இருசம்மாளைப் பார்த்தே கேட்டார். அவள் வீட்டில் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

"நடக்கறதா? வாசல்லயே குழாய் இருக்குன்னு சொல்லு. மூணு நாளைக்கு ஒருதரம்தான் வரும், அதையும் சொல்லு."

பாயா சிரித்தார். ஒரேபாவில் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கு முக்கால் மணி நேரம் செங்குத்தாக ஏறுகிறார்கள். கிழங்கும் விறகும் பையில் போட்டு, அந்தப் பையை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுச் சுமக்கிறார்கள். "எம் பொண்ணு நெத்தியில தழும்பு விழுறதுக்கு முன்னாடியே அவள ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்" என்று அவர் சொன்னதாக இளவரசன் சொன்னபோது இருசம்மாள் கெலியின் நெற்றியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

வையம்பட்டி வந்ததும் பாயா கோட்டைக் கழற்றிக் கெலியிடம் கொடுத்துவிட்டு நேராக வயலுக்குள் இறங்கினார். மண்ணை அள்ளி உருட்டினார், மோந்து பார்த்தார். சோளத்தைத் தாண்டிப் போய், மோட்டார் ரூமுக்குப் பின்னால் நல்லுசாமி போட்டிருந்த சர்க்கரைவள்ளிக் கொடியைப் பார்த்ததும் அவர் போட்ட சத்தத்தில் கொக்குகள் பறந்தன. ஒரேபாவில் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான். சில வருஷம் உறைபனி விழுந்து கொடியெல்லாம் ஒரே ராத்திரியில் கருகிவிடும். அப்போது கீழ்ப் பள்ளத்தாக்குச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் குடும்பத்தோடு இறங்கிப் போக வேண்டியதுதான். நல்லுசாமி ஒரு கொடியைத் தூக்கிக் காட்ட, இவர் தமிழிலும் அவர் தம் பாஷையிலுமாக இரண்டு பேரும் கால் மணி நேரம் பேசினார்கள். இளவரசனை ஒருவரும் கூப்பிடவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் இருசம்மாள் பேச்சை எடுத்தாள்.

"தம்பி, நான் சொல்றத அப்படியே அவருகிட்ட சொல்லு. பொண்ணு நல்ல பொண்ணுதான். குறை ஒண்ணும் இல்ல. ஆனா ரோடு இல்ல, டாக்டர் இல்ல, அவசரத்துக்கு ஒரு போன் இல்ல. கல்யாணம் ஆச்சுன்னா நீ அங்கயே தங்கிடுவ. உனக்கு ஒண்ணுன்னா நான் யாரைக் கூப்பிடுவேன்? அங்க உனக்கு யாருடா இருக்கா?"

இளவரசன் தயங்கித் தயங்கிச் சொன்னான். பாயா அவனையே பார்த்தார். பிறகு நிதானமாக நாலைந்து வாக்கியம் பேசினார். இளவரசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னடா சொல்றாரு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"இவ்ளோ நேரம் பேசினாரே, ஒண்ணும் இல்லங்கற?"

கெலிதான் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். "அத்தை, போன வருஷம் இவருக்கு வயித்துவலி. காய்ச்சல். குடல் வீங்கிடுச்சு. மழை. ஒரு வாரம் பிளேன் வரல. அப்பா மரம் வெட்டி, ரெண்டு கம்பு, நடுவுல போர்வை. இவர அதுல படுக்க வச்சு தூக்கினாங்க. இருபத்திரண்டு ஆள், மாத்தி மாத்தி. ரெண்டு நாள் நடந்தாங்க, ரோடு வரைக்கும். அங்கேந்து லாரி, ஆஸ்பத்திரி. ஆபரேஷன். இறக்கத்துல முன்னாடி பிடிக்கறதுதான் கஷ்டம். வழுக்கும். அங்க எல்லாம் அப்பாதான். வேற யாருக்கும் குடுக்கல."

போன வருஷம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போன் வராததும், முகட்டில் சிக்னல் இல்லை என்று அவன் பிறகு சமாளித்ததும் இருசம்மாளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து மகனிடம் போனாள். "சட்டையத் தூக்குடா" என்றாள். வலப்பக்க அடிவயிற்றில் விரல் நீளத் தழும்பு. அதைத் தொட்டாள், அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் அழுதாள்.

பாயா பதறி எழுந்தார். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக அவர் நினைத்துவிட்டார். இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து கைகூப்பினாள்.

"அண்ணே" என்றாள். "உக்காருங்கண்ணே. நீங்க நிக்கக் கூடாது. எம் புள்ளைய நீங்க பெத்த புள்ளை மாதிரி தூக்கியிருக்கீங்க. அவனுக்கு அங்க யாரு இருக்கான்னு கேட்டேனே, என் வாயில மண்ணு."

மொழிபெயர்க்க யாரும் முனையவில்லை. 'அண்ணே' என்றால் என்ன என்று மட்டும் பாயா மகளிடம் கேட்டார். அவள் சொன்னதும், பின்னல் பையிலிருந்து அதே போல இன்னொரு பையை எடுத்து இருசம்மாளிடம் நீட்டினார். கெலியின் அம்மா இருசம்மாளுக்காக எட்டு மாதம் பின்னியது. வரும்போதே கொடுத்திருக்கலாம்; வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெண்டாட்டி மனசு உடையுமே என்று வைத்திருந்தாராம்.

அதன் பிறகு சீர் பேச்சு வந்தது. ஒரேபாவில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பன்றி கொடுக்க வேண்டும் என்று இளவரசன் சொன்னதும் நல்லுசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏ இருசா, நம்ம ஊருக்கு அப்படியே தலைகீழ்டி இது! பன்னிக்கு நான் எங்க போவேன்? நம்மகிட்ட ஆடுதான் இருக்கு."

"அதுல நல்ல கிடாயா ரெண்டு பிடிங்க" என்றாள் இருசம்மாள்.

கிடாயை விமானத்தில் ஏற்ற முடியாது, இங்கேயே தம் ஊர் முறையில் சமைத்து எல்லோரும் சாப்பிட வேண்டும் என்றார் பாயா. மறுநாள் காலை வயலோரம் இடுப்பளவு குழி வெட்டினார்கள். பாயா கல் தேடினார். ஒவ்வொன்றையும் தட்டிக் காதுகொடுத்து, சூட்டில் வெடிக்கும் என்று பாதியை ஒதுக்கினார். கற்களை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிக் குழியில் பரப்பி, மேலே வாழை இலை, அதன்மேல் கறி, கிழங்கு, கீரை, மறுபடி இலை, மறுபடி கல், கடைசியில் மண். வாழை இலை வண்டி வண்டியாக வந்து இறங்கியதைப் பார்த்து அவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி, "மசாலா போடலியா? கொஞ்சம் மிளகாயாவது?" என்று நாலு தடவை கேட்டாள்.

குழி மூடியிருந்த மூன்று மணி நேரத்தில் வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயத்தை முடித்தார்கள். கெலி கட்டியிருந்த பட்டுச்சேலை இருசம்மாளுடையது. ரவிக்கை தளர்வாக இருந்ததால் பின் குத்தியிருந்தாள்.

"அங்க எத்தனை புள்ளைங்க படிக்குதுங்கம்மா?" என்று கெலியைக் கேட்டாள் இருசம்மாள்.

"நூத்தி நாப்பது, அத்தை. டீச்சர் நாங்க ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேரும் வந்துட்டா இப்ப யாரு பாத்துக்கறா?"

"லீவு விட்டிருக்கு."

"அப்ப லீவு முடியறதுக்குள்ள கல்யாணத்த முடிச்சிப் போய்ச் சேருங்க. புள்ளைங்க காத்திருக்கும்ல."

இளவரசன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழியைத் திறக்கிறார்கள் என்று யாரோ கத்த, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

மண்ணை விலக்கி இலையைப் பிரித்ததும் குப்பென்று ஆவி எழுந்தது. பாயா வெறும் விரலால் ஒரு கிழங்கை எடுத்துப் பிட்டு, ஊதி, முதல் துண்டை இருசம்மாளிடம் கொடுத்தார். கறியின் கொழுப்பு இறங்கி, இலை வாசனை ஏறி, அது வாயில் வைத்ததும் கரைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படிடி இருக்கு?" என்றார் நல்லுசாமி.

"அவரு கையால வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்க" என்றாள் அவள். "எங்க அண்ணன் சமைச்சது."